ஹெச்டிஎல் ஏற்றும் மாத்திரை: இன்னொரு முறை ஏமாற வேண்டுமா?

சந்தேகப்பிராணி:
ஒபிசெட்ரபிப் என்று புதிதாக ஒரு கொலஸ்ட்ரால் மருந்தைப் பற்றிப் பேச்சு கிளம்பியிருக்கிறது. சிஇடிபி என்ற புரதம் ஹெச்டிஎல்லில் இருக்கும் கொலஸ்ட்ராலை எல்டிஎல் பக்கம் கடத்துகிறது. இந்த மருந்தால் அதைத் தடுத்தால் ‘நல்லது’ எனப்படும் ஹெச்டிஎல் ஏறும், ‘கெட்டது’ எனப்படும் எல்டிஎல் இறங்கும், மாரடைப்பு குறையும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2006-லும் இப்படித்தான் இருந்தது. இதே வகை மருந்தான ஃபைசரின் டார்செட்ரபிப் சோதனையில் 15,000 பேர். ஹெச்டிஎல் 72 சதவீதம் ஏறியது, எல்டிஎல் 25 சதவீதம் இறங்கியது. ரிப்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் அடோர்வாஸ்டாடினோடு (வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டாடின் வகை கொலஸ்ட்ரால் மருந்து) அதைச் சேர்த்து எடுத்தவர்களில் 93 பேர் இறந்தார்கள். அடோர்வாஸ்டாடின் மட்டும் எடுத்தவர்களில் 59 பேர். டிசம்பரில் கடையைக் கட்டினார்கள். ரோச்சின் டால்செட்ரபிப் 2012-ல் நின்றது, லில்லியின் எவாசெட்ரபிப் 2015-ல் நின்றது. இன்னும் எத்தனை?

கணக்கன்:
பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறீர்கள். டார்செட்ரபிப் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தூண்டி ரத்த அழுத்தத்தைச் சராசரியாக 5 புள்ளிக்கு மேல் ஏற்றியது. அது அந்த மூலக்கூறின் வினை. பின்னால் வந்தவற்றில் அந்த அளவுக்கு இல்லை. டால்செட்ரபிப் எல்டிஎல்லைத் தொடவே இல்லை என்று சொல்லலாம். ஹெச்டிஎல்லை மட்டும் ஏற்றிப் பார்த்தது, பலனில்லை. அங்கே தோற்றது ‘ஹெச்டிஎல் ஏறினால் போதும்’ என்ற நம்பிக்கை.

சந்தேகப்பிராணி:
சரி, எவாசெட்ரபிப்? டம்மி மாத்திரையை விட எல்டிஎல்லை 37 சதவீதம் இறக்கியதே. 12,000 பேரில் பலன் எங்கே போனது?

கணக்கன்:
நல்ல கேள்வி. அந்தச் சோதனை சுமார் 26 மாதம்தான் ஓடியது. அப்புறம், அளக்கிற விதத்தையும் பாருங்கள். மெர்க்கின் அனாசெட்ரபிப் சோதனையில் வழக்கமான நேரடி முறையில் அளந்தால் எல்டிஎல் 41 சதவீதக் குறைவு. துல்லியமான இன்னொரு முறையில் 17 சதவீதம்தான். ஒரே மருந்து, ஒரே சோதனை! பலனை அந்தச் சின்ன எண்ணோடு ஒப்பிட்டால் கணக்கு இடிக்கவில்லை: 30,000 பேர், நான்கு ஆண்டு, மாரடைப்பு போன்றவை 11.8 சதவீதத்திலிருந்து 10.8 ஆகின. 9 சதவீதக் குறைவு.

சந்தேகப்பிராணி:
அதாவது நூறு பேர் நான்கு வருஷம் விழுங்கினால் ஒருவர் தப்பிக்கிறார். மருந்தோ உடல் கொழுப்பில் போய்த் தங்கிவிடுகிறது. மெர்க்கே அனுமதி கேட்காமல் விட்டது. தயாரித்தவனுக்கே வேண்டாம் என்றால் எனக்கெதற்கு?

மாடிப்படி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஸ்டாடின் எடுத்தால் படியேறும்போது தொடை பிடித்துக்கொள்கிறது. மூன்று மாற்றியாயிற்று. இப்போது ஸ்டாடின் அல்லாத எஸெட்டிமிப் என்ற மாத்திரை மட்டும். எல்டிஎல் 118. ஹெச்டிஎல் 36, பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. அந்த அம்புக்குறியைப் பார்த்துத்தான் இத்தனை நாள் பயந்தேன். அப்போ அது சும்மாவா?

கணக்கன்:
சும்மா என்று சொல்ல மாட்டேன். ஹெச்டிஎல் குறைந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மைதான். ஆனால் மருந்தால் அதை ஏற்றி ஆபத்தைக் குறைக்க யாராலும் முடியவில்லை. உங்கள் டாக்டரிடம் 118-ஐப் பற்றிப் பேசுங்கள். ஒபிசெட்ரபிப்பிலும் நான் பார்ப்பது எல்டிஎல்லைத்தான். 2025-ல் வந்த சோதனையில் 2,500 பேர், 12 வாரத்தில் டம்மி மாத்திரையை விட எல்டிஎல் 33 சதவீதம் குறைவு. ஓராண்டில் மாரடைப்பு போன்றவையும் 21 சதவீதம் குறைவாக இருந்தன.

சந்தேகப்பிராணி:
அந்த 21-ஐ இங்கே கொண்டுவராதீர்கள். அந்தச் சோதனை அதை நிரூபிக்க நடத்தப்பட்டதே இல்லை, தற்செயலாகவும் அமையலாம். மாடிப்படி அவர்களே, ஸ்டாடின் ஒத்துக்கொள்ளாத 14,000 பேரிடம் பெம்பிடோயிக் அமிலம் என்ற வேறு வகை எல்டிஎல் மருந்தைச் சோதித்து மாரடைப்பு போன்றவை 13 சதவீதம் குறைவு என்று 2023-லேயே காட்டிவிட்டார்கள். கேட்பதானால் அதைக் கேளுங்கள்.

கணக்கன்:
அது சரியான யோசனை. 21-ஐயும் வாபஸ் வாங்குகிறேன். மாரடைப்புக்கென்றே நடக்கும் பெரிய சோதனை முடியட்டும். தலைப்பில் ‘ஹெச்டிஎல் ஏற்றும்’ என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

சந்தேகப்பிராணி:
எடுக்க மாட்டேன். அப்படிச் சொல்லித்தானே விற்க வந்தார்கள்.