விடியுமுன் எழும்ப முடியாத பால்வெட்டுக்காரனுக்கு வேறு என்ன வேலை?

மலையோரத்தான்:

வயது 37. பதினாறு வருடமாக ரப்பர் பால்வெட்டுதான், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பதுதான் தொழில். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் தினம் 300 மரம். நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கணும். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று மரத்திடம் சொல்ல முடியாது.

எனக்கு வந்திருப்பது ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முதுகெலும்பு மூட்டுகள் இறுகிப்போகிற ஒரு வாத நோய். ஏழு வருடம் டிஸ்க் விலகல் என்றே நினைத்திருந்தேன். பெல்ட், எண்ணெய், வர்ம வைத்தியம் எல்லாம் ஆயிற்று. கடைசியில் திருவனந்தபுரத்தில் மூட்டுவாத டாக்டர் ஒருத்தர், "ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு வலியில் முழிப்பு வருமா? எழும்பி நடந்தால் குறையுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. அப்புறம்தான் ரத்தப் பரிசோதனையும் இடுப்பு ஸ்கேனும்.

காலையில் எழும்புவது எப்படி என்று சொல்கிறேன். நேராக எழும்ப முடியாது. பக்கவாட்டில் உருண்டு, முழங்காலைத் தரையில் ஊன்றி, ஜன்னல் கம்பியைப் பிடித்து மேலே வரணும். முதுகு மரக்கட்டை மாதிரி இருக்கும். அது இளக ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் நான் தோட்டத்தில் நிற்க வேண்டும். போதாததற்கு என் மரங்களில் பாதிக்கு வெட்டு முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. குனிய முடியாமல் ஈரமண்ணில் ஒரு முழங்காலைப் போட்டு வெட்டினேன். கை நடுங்கி, கத்தி பட்டைக்கு உள்ளே தடி வரைக்கும் இறங்கியது. ஒன்று ரெண்டல்ல, ஒரே வாரத்தில் பதினொரு மரம். அந்தக் காயத்தில் பட்டை ஒழுங்காக வளராது, முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். கங்காணி திட்டினார். அவர் மேல் தப்பில்லை. நானே கத்தியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

"உட்கார்ந்து பார்க்கிற வேலையாகப் பார்" என்று ஊரே சொன்னது. மாமா சிபாரிசில் நாகர்கோவிலில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி, பன்னிரண்டு மணி நேரம். ஒன்பது நாள்தான் தாக்குப்பிடித்தேன். பால்வெட்டில்கூட எட்டு மணிக்கு மேல் உடம்பு கேட்டது. சும்மா உட்கார்ந்திருந்தால் எந்நேரமும் விடியற்காலை மாதிரிதான். அப்புறம் ஒரு துணிக்கடை. அங்கே நாள் முழுக்க நிற்கணும், அதுவும் ஒரு மாதம்தான்.

பிளஸ் டூ பாஸ். மலையாளம் பேசுவேன். மனைவி அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போகிறாள், இப்போது அந்தக் கூலியில்தான் வீடு ஓடுகிறது. உட்காரவும் நிற்கவும் நடக்கவும் மாறி மாறி விடுகிற வேலை, காலையில் பத்து மணிக்கு மேல் தொடங்குகிற வேலை, அப்படி ஏதாவது உண்டா?

ஊசிநூல்:

அண்ணா, எனக்கு முடக்குவாதம், கைவிரல்களில். கருங்கல் ஊரில் வீட்டிலேயே தைக்கிறேன். தையல் உங்களுக்கு ஆகாது, கழுத்தைக் குனிந்தே இருக்கணும். ஆனால் ஒன்று சொல்கிறேன், நாள்கூலிக்குப் போகாதீங்க, எண்ணிக்கைக்குக் கூலி தருகிற வேலையாகப் பாருங்க. நான் பத்தரைக்குத்தான் மிஷினைத் தொடுவேன். ஜாக்கெட் எத்தனை முடிந்தது என்றுதான் கணக்கு, எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன் என்று யாரும் கேட்பதில்லை. வலி கூடின நாள் ஹெம்மிங்கை மட்டும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுவேன், காசில் பாதி போகும். போகட்டும்.

கோணம் ரோடு:

என் தம்பிக்கும் இதே நோய்தான். கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் சொட்டுமருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காதீங்க, அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்க. இந்த நோயோடு அதுவும் சேர்ந்து வரலாம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் விஷயம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடு உண்டு, அதில் இந்த நோயின் பெயர் இல்லை. ஆனால் முதுகோ இடுப்போ அசைய முடியாத அளவை வைத்து இயக்கக் குறைபாடாக மதிப்பிடக் கேட்கலாம். 40 சதவீதம் வந்தால்தான் அரசு வேலை ஒதுக்கீட்டுக்கெல்லாம் உதவும். வலியை அளக்க அவர்களிடம் அளவுகோல் கிடையாது, குனிகிற அளவைத்தான் பார்ப்பார்கள். அதனால் வலி குறைந்த நாளில் மாத்திரை போட்டுக்கொண்டு மிடுக்காகப் போய் நிற்காதீங்க (தம்பி அப்படித்தான் போனான்).

சொந்தத் தொழில் என்றால் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், அதாவது பிஎம்இஜிபி. கிராமத்தில் பொதுப்பிரிவுக்கு 25 சதவீத மானியம், சிறப்புப் பிரிவுக்கு 35. மாற்றுத்திறனாளி அதில் வருவார். ஓபிசியும் (இதர பிற்படுத்தப்பட்டோர்) பெண்களும்கூட வருவார்கள், அதனால் அந்தச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சிறப்புப் பிரிவுக்குச் சொந்தப் பணம் 5 சதவீதம் போதும்.

துணிக்கடை பற்றிச் சொன்னீர்களே, ஊழியர் உட்கார இருக்கை தரணும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியாயிற்று. ஸ்டூல் போட்டிருப்பார்கள், உட்கார்ந்தால் முறைப்பார்கள். அது வேறு கதை.

தேன்பெட்டி அண்ணாச்சி:

தம்பி, ரப்பர் தோட்டத்தை விட்டு ஏன் போகிறீர்? நான் மார்த்தாண்டம் பக்கம் முப்பது வருடமாகத் தேனீ வைத்திருக்கிறேன். ரப்பர் இலை உதிர்ந்து புதுத்தளிர் வரும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும், பூவில் அல்ல, உமக்கே தெரிந்திருக்கும். அதுதான் எங்கள் அறுவடை. நம்ம தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. வெயில் வந்தபிறகு பெட்டியைத் திறந்தால் போதும். ஒரு பெட்டிக்கு ஐந்து பத்து நிமிடம், அப்புறம் அடுத்த பெட்டிக்கு நடை.

கஷ்டமும் சொல்லணுமே. பெட்டியை வண்டியில் ஏற்றி இடம் மாற்றுவது ராத்திரியில்தான், அதற்கு ஆள் வேணும். மழைக்காலத்தில் வரவு கிடையாது, சீனிப்பாகு வைத்துத் தேனீயைக் காப்பாற்றணும். நீர் பத்துப் பெட்டியில் தொடங்கும், கூடவே வேறு சின்ன வரும்படியும் இருக்கட்டும். அப்புறம், தேனீ கொட்டினால் வாதம் போகும் என்று எவனாவது சொன்னால் நம்பாதேயும். கொட்டினால் வீங்கும், அவ்வளவுதான்.

மலையோரத்தான்:

எல்லாருக்கும் நன்றி. எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கணும்.

சந்தை பக்கம் ஒரு ரப்பர் கடையில் பதினொரு மணி முதல் நாலு வரை போகிறேன். பாலை உறையவைத்துப் புகைபோட்ட ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குமிழி இருக்கிறதா, புகை சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிக்கணும், எடை எழுதணும். கட்டு தூக்குவதற்குப் பையன் இருக்கிறான். அரைக்கூலிதான். ஆனால் நிற்கிறேன், நடக்கிறேன், உட்கார்ந்து எழுதுகிறேன். கடைக்காரரிடம் முதல் நாளே நோயைச் சொல்லிவிட்டேன். "பதினொன்றுக்கு முன்னால் இங்கே யாரும் ஷீட் கொண்டுவர மாட்டான்" என்றார்.

அண்ணாச்சி, பெட்டி வைக்கிற ஸ்டாண்டு எத்தனை அடி உயரம் இருக்கணும்? எனக்கு மூடியைத் திறக்கக் குனியக்கூடாது. எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிற மாதிரி இரும்புக் காலில் செய்தால் காற்றுக்கு ஆடுமா?