திட சோடியம் பேட்டரி: இடைப்பரப்பில் ரெண்டு சொட்டு திரவம் விடலாமா?

உப்புநீர்:
திட சோடியம் பேட்டரியில, எலக்ட்ரோடுகளுக்கு நடுவுல அயனியைக் கடத்தற எலக்ட்ரோலைட்டா திரவத்துக்குப் பதில் பீங்கான் தட்டு இருக்கும். அப்படி ஒரு பீங்கானான நாசிகான் 1976-லயே வந்தாச்சு. தட்டுக்குள்ள அயனி நல்லாவே ஓடுது. எலக்ட்ரோடு தொடுற இடத்துலதான் மின்தடை எகிறுது. கேத்தோடு (நேர்முனை) பக்கம் கேத்தோடு தூளும் நாசிகானும் ரெண்டுமே கடினம், புள்ளி புள்ளியாத்தான் தொடும். ஒண்ணா வச்சு சுட்டா, நாசிகானுக்கு வேண்டிய 1200 டிகிரி வாக்கில் பல கேத்தோடுகள் அதோட வினைபுரிஞ்சு கெட்டுடும். அங்க கொஞ்சம் திரவ எலக்ட்ரோலைட் விட்டா இடைவெளி நிரம்பிடுது. திரவமே கூடாதுங்கற பீங்கான்பிரியன், இதை ஏன் எதிர்க்கறீங்க?

பீங்கான்பிரியன்:
தீப்பிடிக்கும் கார்பனேட் திரவத்தை விலக்கத்தானே திட எலக்ட்ரோலைட்டுக்கே வந்தோம்? அந்தத் திரவம் சோடியத்தைத் தொட்டால் வாயு கிளம்பும். சோடியத்தின் மேல் படியும் காப்புப் படலம் லித்தியத்தில் இருப்பதைவிட எளிதில் கரையும். கரையக் கரையப் புதுப் படலம், அதற்குத் திரவம் செலவு. இருப்பதே ரெண்டு சொட்டு!

உப்புநீர்:
நான் கேட்டது கேத்தோடு பக்கம் மட்டும். நடுவுல தட்டு சுவர் மாதிரி நிக்குது. தீ பயம்னா அயனித் திரவம் (திரவமாவே இருக்கற உப்பு) போடுங்க, அது சுலபத்துல பத்தாது. 1960-கள்ல ஃபோர்டு அறிவிச்ச சோடியம்-கந்தக பேட்டரியும் 300 டிகிரிக்கு மேல எலக்ட்ரோடு ரெண்டும் உருகி நிக்கறதாலதானே தொடுகைச் சிக்கல் இல்லாம ஓடுது?

பீங்கான்பிரியன்:
அங்கே உருகியிருப்பது எலக்ட்ரோடே. இடையில் மூன்றாவது பொருள் கிடையாது. கேத்தோடு பக்கம் அயனித் திரவம் என்றால் ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனோடு (சோடியம் இருக்கும் எதிர்முனை) பக்கம் வேண்டவே வேண்டாம், அங்கே சுத்தம் போதும். காற்று பட்ட பீங்கானில் சோடியம் கார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் படிந்துவிடும். அதன் மேல் உருகிய சோடியம் தாமரை இலைத் தண்ணீர்தான், உருண்டு ஓடும். பீட்டா அலுமினா என்ற இன்னொரு பீங்கான் எலக்ட்ரோலைட்டை ஆர்கானில் 900 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகு சோடியத்தோடு சேர்த்தபோது, அறை வெப்பத்திலேயே இடைப்பரப்பு மின்தடை 10 ஓம்·செ.மீ²-க்குக் கீழே இறங்கியது. ஒரு சொட்டுத் திரவம் இல்லை.

அயனிவழி:
ரெண்டு பேரும் முதல் நாள் தொடுகையைப் பத்தியே பேசறீங்க. பேட்டரியை ஓட்டினா என்ன ஆகுது? சதுர செ.மீ.க்கு 3 மில்லிஆம்பியர்-மணி எடுத்தா, சோடியம் கிட்டத்தட்ட 27 மைக்ரான் தடிமனுக்கு உரியும். உள்ள இருக்கற சோடியம் அதே வேகத்துல மேல வந்து நிரப்பலைன்னா குழி விழும். தொடுற பரப்பு சுருங்கும், மிச்ச இடத்துல மின்னோட்டம் குவியும், அடுத்த சார்ஜில் அங்கிருந்துதான் டென்ட்ரைட் (ஊசி மாதிரி வளர்ற சோடியம்) தட்டுக்குள்ள இறங்கும்.

பீங்கான்பிரியன்:
அதற்கு அழுத்தம் கொடுக்கலாம். சோடியம் லித்தியத்தைவிட மென்மை, குறைந்த அழுத்தத்திலேயே நகர்ந்து நிரப்பும். இல்லையென்றால் வெள்ளீயம் மெல்லிசாகப் பூசலாம், உலோகக் கலவை ஆகி ஒட்டிக்கொள்ளும்.

அயனிவழி:
பூச்சு முதல் ஒட்டுதலுக்கு உதவும், ஆழமா உரிச்சா குழியைத் தடுக்கப் போதாது. அழுத்தம் சரி, ஆனா எவ்வளவுன்னு எழுதணும். பீங்கானை விட்டுட்டு மென்மையான சல்ஃபைடு எலக்ட்ரோலைட்டுக்குத் தாவவும் முடியாது. அந்த வகையைச் சேர்ந்த சோடியம் தயோபாஸ்பேட் அமுக்கினாலே படியும், ஆனா சோடியம் பட்டதும் சிதைஞ்சு சல்ஃபைடும் பாஸ்பைடுமா மாறுது.

உப்புநீர்:
அப்படின்னா ஆயிரம் மணி நேரம் ஓடிச்சுன்னு வர்ற சமச்சீர் செல் (ரெண்டு பக்கமும் சோடியமே வச்ச சோதனை செல்) முடிவுகள்?

அயனிவழி:
ஒவ்வொரு சுழற்சியிலும் எவ்வளவு நகர்த்தினாங்கன்னு பாருங்க. 0.1 மில்லிஆம்பியர்-மணின்னா, அசையறது ஒரு மைக்ரானுக்கும் கம்மி. அந்த அளவுல குழி விழவே வாய்ப்பு குறைவு. 3 மில்லிஆம்பியர்-மணி உரிச்ச முடிவு யார்கிட்ட இருந்தாலும், கொடுத்த அழுத்தத்தோட சேர்த்து இங்க போடுங்க. திரவம் வேணுமா வேண்டாமான்னு அதை வச்சுப் பேசலாம்.