பின்கட்டுத் தளம் இறங்கி லோங்காங் (வடிகால்) உடைந்துவிட்டது: ஒரே வேலைக்கு மூன்று விலையா?

செத்தாப்பாக்_அக்கா:
வணக்கம். எங்களுடையது செத்தாப்பாக்கில் பழைய டெரஸ் வீடு. சமையலறைக்குப் பின்னால் உள்ள சிமெண்டுத் தளம் சுவரை விட்டுப் பிரிந்து, விரல் நுழைகிற அளவு வாய் பிளந்து கிடக்கிறது, அதை ஒட்டிய லோங்காங்கும் நடுவில் உள்வாங்கிவிட்டதால் மழைத் தண்ணீர் பின்சந்துப் பக்கம் போகாமல் அங்கேயே நிற்கிறது. நாற்றம், கரப்பான், கொசு, எல்லாம் இருக்கிறது. மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவர் 1,800 வெள்ளி, ஒருவர் 4,500, இன்னொருவர் 7,200. ஒரே இடம்தானே, எப்படி இவ்வளவு வித்தியாசம்? 1,800 சொன்னவர் நம்மவர், கோயிலில் பார்த்த முகம். பாதிக்கு மேல் முன்பணம் கேட்கிறார். எழுதிக் கொடுங்கள் என்றால் "அக்கா, நமக்குள்ள எதுக்கு அதெல்லாம்" என்று சிரிக்கிறார். யாரிடம் கொடுப்பது, என்ன கேட்பது?

சைட்_பழசு:
தங்கச்சி, மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், அதுதான் வித்தியாசம்.

வீட்டுச் சுவர் பெரும்பாலும் பைல் (மண்ணில் ஆழமாக இறக்கிய தூண்) மேலோ ஆழமான அஸ்திவாரத்தின் மேலோ நிற்கும். பின்கட்டுத் தளம் அப்படி இல்லை, கொட்டி நிரப்பிய மண்ணின் மேல் ஊற்றியது. கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்தில் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் எழுந்த தாமான்களும் (குடியிருப்புப் பகுதிகளும்) நிறைய உண்டு, அங்கே மண் வருஷக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். தளம் இறங்கும், வீடு இறங்காது, நடுவில் வாய் பிளக்கும். 1,800 வெள்ளிக்குச் செய்கிறவர் அந்தப் பிளவில் சாந்தை அடைத்து மேலே ஒரு பூச்சு பூசிவிட்டுப் போவார் என்றுதான் நினைக்கிறேன். பார்க்க அழகாக இருக்கும், அடுத்த மழைக்காலத்துக்குள் அதே இடத்தில் விடும்.

முறையான வேலை என்றால் பழைய தளத்தை உடைத்து அள்ள வேண்டும். அப்புறம் கீழே போகிற கழிவுக் குழாய் உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. குழாய் ஒழுகினால் மண் கரைந்து போகும், மேலே எத்தனை முறை சிமெண்டு போட்டாலும் வீண். குழாய் சரி என்றால் ஜல்லி கொட்டி, கம்பாக்டர் வைத்து அடுக்கடுக்காக அமுக்கி, பிளாஸ்டிக் விரிப்பு, பி.ஆர்.சி. கம்பி வலை, அதற்கு மேல் 4 அங்குல காங்கிரீட். கம்பி வலை மண்ணில் படுத்துக் கிடக்கக் கூடாது, சின்னக் கற்களை வைத்துத் தூக்கி விட்டிருக்க வேண்டும், ஊற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். புதுத் தளத்தைச் சுவரோடு இறுக்கி ஒட்டவும் விடாதீர்கள். ஓர் இடைவெளி விட்டு சீலன்ட் (ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும் அடைப்புப் பசை) அடிக்கச் சொல்லுங்கள், தளம் கொஞ்சம் இறங்கினாலும் சுவரை இழுக்காது.

வாட்டம் சரியா என்று பார்க்க, லோங்காங்கின் மேல்முனையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். ஓடி முடிந்த பிறகு எங்கேயாவது 20 சென் காசு மூழ்குகிற அளவு தேங்கினால் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு திருத்தச் சொல்லுங்கள். மண்ணுக்குள் போகிற 4 அங்குலக் குழாய்க்கு மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் சரிவு இருக்கட்டும்.

ஜெலுத்தோங்காரன்:
அண்ணன் சொன்னதோடு இன்னும் சில. மழைத் தண்ணீரைக் கழிவுக் குழாயில் இணைத்துவிடுகிறேன் என்று எவனாவது சொன்னால் அப்போதே அனுப்பிவிடுங்கள். சுலபமான வழி என்று செய்துவிடுவார்கள், பெரிய மழையில் குழாய் நிரம்பி கழிவறைத் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வரும். மழைத் தண்ணீர் லோங்காங்குக்கு, கழிவு கழிவுக் குழாய்க்கு. வீட்டு வளாகத்துக்குள் இருக்கிற குழாய் நம் பொறுப்பு, வெளியே உள்ள பொதுக் கழிவுக் குழாய்தான் இண்டா வாட்டர் என்கிற கழிவுநீர் நிறுவனத்துடையது.

பின்சந்துக் கால்வாய் மாநகர் மன்றத்துக்குச் சொந்தம், அதில் கை வைக்க விடாதீர்கள், அது உடைந்திருந்தால் புகார் கொடுங்கள். உடைந்ததைப் பழுதுபார்ப்பது வேறு, இதுதான் சமயம் என்று கூரை போட்டு சமையலறையை நீட்டுவது வேறு. நீட்டுவதற்கு அனுமதி வேண்டும், உங்களுக்கு டி.பி.கே.எல். (கோலாலம்பூர் மாநகர் மன்றம்), எங்களுக்கு இங்கே பினாங்குத் தீவு மாநகர் மன்றம். உடைத்த கல்லை யார் அள்ளுவது என்பதையும் எழுதி வாங்குங்கள். சந்தில் கொட்டிவிட்டு அவன் போய்விடுவான், வாசலில் வந்து நிற்கிற அதிகாரிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சிமெண்டு_தம்பி:
நானும் இந்தத் தொழில்தான், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். முன்பணம் கேட்பது தப்பில்லை. மணல், ஜல்லி, கம்பி வலை எல்லாம் ஹார்ட்வேர் கடையில் காசு கொடுத்துத்தான் எடுக்கிறோம். வேலை முடிந்ததும் "அடுத்த மாசம் தரேன் தம்பி" என்று இழுத்தவர்களும் உண்டு, அதிலும் நம்மவர்கள்தான் உரிமையோடு இழுப்பார்கள், சொல்லவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் இந்த அளவு வேலைக்கு 30 விழுக்காடு போதும். அதற்கு மேல் கேட்டால், சாமானை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் பேசுங்கள். உடைத்து அள்ளியதும் ஒரு பங்கு, காங்கிரீட் ஊற்றியதும் ஒரு பங்கு, கடைசி 10 விழுக்காட்டை ஒரு நல்ல மழை பெய்த பிறகு கொடுங்கள்.

சிஐடிபி (கட்டுமானத் தொழில் வாரியம்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், சின்ன வேலைக்கு வருகிற பலரிடம் இருக்காது, குறைந்தது எஸ்எஸ்எம்மில் (நிறுவனங்களைப் பதிகிற ஆணையம்) பதிந்த கடைப் பெயராவது இருக்கட்டும். வெளிநாட்டு ஆட்களுக்கு வேலை பெர்மிட் இருக்கிறதா என்றும் பாருங்கள், குடிநுழைவுத் துறை வந்தால் வீட்டுக்காரரையும் கேள்வி கேட்பார்கள்.

செத்தாப்பாக்_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. 4,500 சொன்னவரிடம் பேசினேன், உடைத்து, ஜல்லி போட்டு, கம்பி வலை வைத்துத்தான் செய்வாராம், எழுதித் தரவும் சம்மதித்தார். குழாய் உடைந்திருந்தால் அது தனிக் கணக்கு என்கிறார், நியாயம்தானே? கோயில்காரரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இவரும் பாதியில் விட்டுப் போனால் என்ன செய்ய?

சைட்_பழசு:
நியாயம்தான், மூடிக் கிடக்கிற குழாய்க்கு யாரும் விலை சொல்ல முடியாது. ஆனால் ஓர் அடிக்கு எவ்வளவு என்று இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள், உடைத்துப் போட்ட பிறகு பேரம் பேச உங்களுக்கு வழி இருக்காது.

விட்டுப் போனால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மனுவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 3 வருஷத்துக்குள் போட வேண்டும். கோட்டேஷன், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, உடைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் அங்கே பேசும், அதனால் பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். கோயில்காரரிடம் வீட்டுக்காரர் வேறு ஆளைப் பேசிவிட்டார் என்று சொல்லிவிடுங்கள், முடிந்தது. தளத்தை உடைத்ததும் குழாயைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.