நைட்டு நிறுத்துனா காலைல ஏர் இறங்கிடுது, எங்க பாக்குறது?

பத்துசக்கரம்:
அண்ணன்மாரே ஒரு டவுட்டு. ஏர் பிரேக் லாரிய நைட்டு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திட்டு படுத்தா காலைல பின் பிரேக் சர்க்யூட்டோட ஏர் பிரஷர் முள்ளு மட்டும் ஜீரோல கிடக்குது, முன்னாடி முள்ளு கிட்டத்தட்ட அப்படியே நிக்குது. பின் ஆக்சில் பக்கம் லேசா உஸ்ஸுனு சத்தம். பிரேக் பிடிக்கிறதுல குறை தெரியல. கூட ஓட்டுறவர் ஸ்லாக் அட்ஜஸ்டர (பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளிய சரிபண்ற லீவர்) கொஞ்சம் டைட் வைன்னு சொல்றார், ஆனா அது ஆட்டோமேட்டிக் டைப், வைக்கலாமா?

டூல்பாக்ஸ்:
தம்பி ஏர் லீக்குக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டருக்கும் என்னப்பா சம்பந்தம். ஒரு முள்ளு மட்டும் இறங்குதுன்னா கம்ப்ரஸர், வெட் டேங்க் (கம்ப்ரஸர் காத்து முதல்ல வந்து சேர்ற டேங்க்) பக்கம் இப்போதைக்கு போகாத, நடுவுல காத்த திரும்பிப் போக விடாத செக் வால்வு இருக்கு, அது நல்லா இருந்தா அங்க லீக் ஆனாலும் பின் டேங்க் காலியாகாது. ஹேண்ட் பிரேக்க பிடிக்கிறது பிரேக் சேம்பர் உள்ள இருக்குற ஸ்பிரிங், காத்து வந்தாதான் அது விடும்; அதனால ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்போது ஸ்பிரிங் பக்கம் காத்தே இருக்காது, அதனால பின் டேங்க், அதோட டிரெயின் வால்வு, ரிலே வால்வுக்கு (பெடல் சிக்னல வாங்கி பின் பிரேக்குக்கு காத்து விடுற வால்வு) வர்ற ஹோஸ், ஃபுட் வால்வு (பெடலுக்கு அடியில இருக்குறது) இதெல்லாம் சோப்புத் தண்ணி அடிச்சுப் பாரு. ரிலே வால்வு அடியில எக்ஸாஸ்ட்ல நுரை வந்தா உள்ள காத்த அடைக்கிற சீட் போயிருக்கு.

ராத்திரிலாரி:
அண்ணே சொன்னது கரெக்ட், ஒண்ணு மட்டும் சேத்துக்கங்க. ஹேண்ட் பிரேக் எடுத்தா மட்டும் ரிலே எக்ஸாஸ்ட்ல சத்தம் வந்து போட்டதும் நின்னுட்டா வால்வ கழட்டாதீங்க, பிரேக் சேம்பர் உள்ள நடு சீல் போயி ஸ்பிரிங் பக்கத்துக் காத்து சர்வீஸ் லைன் (பெடல் பிரேக் காத்து போற குழாய்) வழியா திரும்பி வருது. நெறைய பேர் நல்ல வால்வ மாத்திட்டு லீக் அப்படியே இருக்குன்னு நிப்பாங்க. சேம்பர்ல ஸ்பிரிங் பக்கத்த மட்டும் நீங்களே திறந்துராதீங்க, உள்ள இருக்குற ஸ்பிரிங் ஆள அடிச்சுரும்.

டூல்பாக்ஸ்:
ஆமா, அது முக்கியம். லீக் எவ்வளவுன்னு பாக்க டயருக்கு கட்டை போட்டு, ஏர் ஃபுல் ஆனதும் இன்ஜின் ஆஃப் பண்ணி ஹேண்ட் பிரேக் எடுத்து ஒரு நிமிஷம் முள்ளப் பாருங்க. அமெரிக்க லைசென்ஸ் டெஸ்ட் கணக்குல தனி வண்டிக்கு நிமிஷத்துக்கு 2 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) இறங்கலாம், டிரெய்லரோட 3 வரைக்கும்தான். பெடல மிதிச்சுப் பிடிச்சா முதல்ல ஒரு இறக்கம் இறங்கும், அத விட்டுட்டு தனி வண்டிக்கு 3, டிரெய்லரோட 4. அப்புறம் பெடல விட்டு விட்டு மிதிச்சு ஏர இறக்குனா 60 பிஎஸ்ஐக்குக் கீழ போறதுக்கு முன்னாடியே லைட்டோ பஸ்ஸரோ வரணும், வரலைன்னா வண்டிய எடுக்காதீங்க.

பத்துசக்கரம்:
சரிங்கண்ணே, ஹேண்ட் பிரேக் போட்டும் சத்தம் இருக்கு, அப்ப ரிலே வால்வுல இருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்லாக் அட்ஜஸ்டர தொடவே வேணாமா?

ராத்திரிலாரி:
கையால டைட் வைக்காதீங்க. ஆட்டோமேட்டிக்ல புஷ்ராடு ஸ்ட்ரோக் (பெடல மிதிச்சா சேம்பர்ல இருந்து தடி வெளிய வர்ற நீளம்) லிமிட்ட தாண்டுதுன்னா அட்ஜஸ்டரோ, ஃபவுண்டேஷன் பிரேக்ல (சக்கரத்துல இருக்குற டிரம், ஷூ, கேம் பாகங்கள்) வேற ஏதோவோ போயிருக்கு, டைட் வச்சா கொஞ்ச நாளைக்கு சரியான மாதிரி தெரியும், மறுபடி லூஸ் ஆயிடும், ரோடு இறக்கத்துல போகும்போதுதான் தெரியவரும். டைப் 30 (சேம்பர் சைஸ்) ஸ்டாண்டர்ட் சேம்பருக்கு லிமிட் 2 இன்ச், டேங்க்ல 90 பிஎஸ்ஐ வச்சு பெடல முழுசா மிதிச்சு அளக்கணும். அப்படியே டேங்க் தண்ணியும் டிரெயின் பண்ணுங்க, எண்ணெய் கலந்து பால் மாதிரி வந்தா கம்ப்ரஸர் ஆயில் தள்ளுதுன்னு சந்தேகப்படுங்க.