மெடீவல் 3: எஞ்சின் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2006இல் வந்த டோட்டல் வார் மெடீவல் 2 என்ற போர் வியூகக் கணினி விளையாட்டு எனக்கு உயிர். அதை உருவாக்கிய கிரியேட்டிவ் அசெம்ப்ளி நிறுவனம் 2025 டிசம்பரில் மூன்றாம் பாகத்தை அறிவித்ததிலிருந்து இதே நினைப்புதான். ஆரம்பக்கட்ட வேலைதான் நடக்கிறதாம், காத்திருக்கத் தயார்.

என் சந்தேகம் எஞ்சினைப் பற்றி, அதாவது ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளைப் பற்றி. 2009இல் இதே வரிசையின் எம்பயர் ஆட்டத்தோடு வார்ஸ்கேப் எஞ்சின் வந்த பிறகு, கைகலப்புச் சண்டையில் பழைய கனம் குறைந்துவிட்டது போல எனக்குத் தோன்றுகிறது. மெடீவல் 2இல் ஈட்டி தாழ்த்திப் பாயும் குதிரைப்படை காலாட்படையைப் பிளக்கும்போது நெஞ்சு அதிரும். அது எஞ்சினால் வருவதா, இல்லை படைகளுக்குக் கொடுத்த தாக்கும் பலம் போன்ற எண்களாலா?

மெடீவல் 2க்கு மாட் (ஆட்டத்தில் ரசிகர்களே செய்யும் மாற்றங்கள்) செய்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். 199 பிரதேசம், 31 தரப்பு என்ற வரம்புகளோடு மல்லுக்கட்டியவர்கள் நீங்கள். மூன்றாம் பாகம் வார்கோர் என்ற புது எஞ்சினில் வருகிறது. மாட் செய்பவர்களுக்கு அதில் எதெல்லாம் திறந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

அப்புறம் இன்னொன்று. என் கணினி பழசு, 8 ஜிபி ராம்தான். இப்போதே புதிது வாங்கலாமா, ஆட்டம் வெளிவரும்வரை பொறுக்கலாமா?