கட்-ஆஃப் இல்லாத நுழைவுத்தேர்வு: மியூசிக்கல் தியேட்டர் ஆடிஷன் பருவத்தைக் கடந்த பெற்றோரின் அனுபவங்கள்

நியூ ஜெர்சி, எடிசனிலிருந்து ஒரு தந்தை

என் மகள் சென்ற பருவத்தில் மியூசிக்கல் தியேட்டர், அதாவது பாட்டும் நடிப்பும் நடனமும் சேர்ந்த மேடைநாடகப் பட்டப்படிப்புக்காக, 14 அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கலந்தாய்வில் பொறியியல் இடம் வாங்கியவன் நான். ஒரு பிள்ளைக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எங்குமே எழுதிவைக்காத ஒரு நுழைவுத்தேர்வு இருக்க முடியும் என்பது எனக்கு உறைக்கவே அந்தப் பருவம் முழுவதும் ஆயிற்று. இந்த ஆண்டு இதே வழியில் இறங்கவிருக்கும் பெற்றோருக்காக, நான் தடுமாறிய இடங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வருவது ப்ரீஸ்கிரீன் எனப்படும் முன்தேர்வு. வீட்டிலிருந்து பதிவுசெய்து அனுப்பும் காணொளிகளைப் பார்த்தே பலரையும் கழித்துவிட்டு, மிஞ்சியவர்களைத்தான் ஆடிஷனுக்கு அழைக்கிறார்கள். சில ஆண்டுகளாகப் பல கல்லூரிகள் இதற்குப் பொதுவான விதிகளை ஏற்றுக்கொண்டிருப்பதால், ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பாடல்கள், ஒன்றிரண்டு தனிவசனங்கள், ஒரு நடனத் துண்டு என்று எடுத்துவைத்துக்கொண்டால் பல இடங்களுக்கு அதையே அனுப்பலாம். பாடலும் வசனமும் ஒவ்வொன்றும் 60 முதல் 90 விநாடிகளுக்குள் அடங்க வேண்டும். நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது. சில இடங்களில் 1970க்கு முன் எழுதப்பட்ட பாடல் ஒன்றையும் கேட்கிறார்கள். அக்டோபர் மாதத்து வார இறுதிகள் முழுவதும் எங்கள் பேஸ்மெண்டிலேயே கழிந்தன. ஹீட்டர் சத்தம் பதிவில் விழுகிறது என்று அதை அணைத்துவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நான் நின்றிருப்பேன். ஒரே பாடலை ஒருநாள் 26 முறை பதிவுசெய்தோம். கடைசியில் அனுப்பியது மூன்றாவது பதிவைத்தான். அது போதும் என்று அவள் அன்றைக்கே சொல்லியிருந்தாள். இன்னும் ஒருமுறை என்று கேட்டுக்கொண்டே இருந்தவன் நான்.

அவள் ஆறு வயதிலிருந்து கர்நாடக இசையும் பரதநாட்டியமும் பயின்றவள். இவை கைகொடுத்த விதமும் காலை வாரிய விதமும் நான் எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஐந்து கட்டைச் சுருதியில் மேல்ஸ்தாயிப் பஞ்சமம் வரை நெஞ்சுக் குரலில் நின்று பாடிப் பழகியவளுக்கு, பெல்ட் என்று இங்கே சொல்லும் உரத்த பாடுமுறை முதல் மாதத்திலேயே வந்துவிட்டது. பழைய இசைநாடகங்களுக்குத் தேவைப்படும் தலைக்குரலோ கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று குரல் ஆசிரியர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பயிற்சியில் யாரும் கேட்டிராத ஒரு குரலை அவள் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. கமகமும் அப்படித்தான். சுரத்தை நோக்கி வழுக்கிக்கொண்டு போகாமல் நேராக அதன்மேல் போய் நிற்கும்படி ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நடனத்திலும் அரைமண்டி தொடைக்கு உரமளித்திருந்தது. ஆனால் பாதத்தைத் தட்டி வைத்தே பழகிய கால், பாலே கேட்கும்படி விரல்நுனி வரை நீளவும் தரையை விட்டு எழும்பவும் மறுத்தது. விரும்பியதைச் செய்துகாட்டலாம் என்று சில கல்லூரிகள் விட்டுவைத்திருக்கும் ஒரு நிமிடத்தில் அவள் ஒரு ஜதியைச் சொல்லி ஆடினாள். நேர்காணல் நடந்த எல்லா இடங்களிலும் முதலில் கேட்கப்பட்டது அதைப் பற்றித்தான்.

ஜனவரி இறுதியில் சிகாகோ சென்றோம். பல கல்லூரிகளின் தேர்வுக் குழுக்கள் ஒரே நகரத்துக்கு வந்து சில நாட்களில் ஆடிஷன் நடத்தும் இந்த ஏற்பாட்டுக்கு யூனிஃபைட்ஸ் என்று பெயர். நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும்கூட நடக்கிறது. நாங்கள் போனது பாமர் ஹவுஸ் ஹோட்டலுக்கு. ஓவியக் கூரை வேய்ந்த அதன் பெரிய லாபி முழுவதும் தாய் தந்தையர். லிஃப்டுகள் முழுவதும் தொண்டையைப் பழக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். மாடிப்படிகளில் சுவரைப் பார்த்தபடி யாரோ ஒருவர் அழுகை வசனம் பேசிக்கொண்டிருப்பார். முதல் நாள் நான் அறைக்கு வெளியே கதவோரமாகவே நின்றேன். பியானோக் கலைஞர் அவள் காட்டிய வேகத்தைவிட மிக விரைவாகத் தொடங்கிவிட்டதும், அவள் பாட்டின் நடுவில் அதைத் தன் வேகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்ததும் வெளியிலேயே கேட்டன. வெளியே வந்தவள், ஆறுதல் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், "கதவுக்குக் கீழே உங்க ஷூ தெரிஞ்சுது. ப்ளீஸ்ப்பா, கீழே லாபிக்குப் போய் உட்காருங்க" என்றாள். மீதி இரண்டு நாட்களும் லாபியில்தான் இருந்தேன்.

புதியவர்கள் அறிய வேண்டிய இன்னொன்று, பெரும்பாலான இடங்களில் இரண்டு வாசல்களைத் தனித்தனியாகக் கடக்க வேண்டும் என்பது. பல்கலைக்கழகம் மதிப்பெண்களைப் பார்த்து ஒரு முடிவு சொல்லும். துறை ஆடிஷனைப் பார்த்து மற்றொரு முடிவு சொல்லும். "உங்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு, நீங்கள் கேட்ட துறையில் இல்லை" என்று எங்களுக்கு நான்கு கடிதங்கள் வந்தன. முதல் கடிதத்தின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு நான் வீட்டில் கேசரி கிளறச் சொல்லிவிட்டேன். அதைப் பற்றி இன்றுவரை வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மார்ச் மாதத்தில் கணக்கு இவ்வளவுதான்: 14 விண்ணப்பங்கள், முன்தேர்வில் தேறியது 8, இடம் கிடைத்தது 2, காத்திருப்புப் பட்டியல் 1. அவளோடு ஒரே ஆசிரியரிடம் பயின்ற, அவளைவிடச் சற்றுக் குறைவாகவே பாடும் ஒரு பிள்ளைக்கு, இவளுக்கு மறுக்கப்பட்ட ஓரிடம் கிடைத்தது. எங்கே பிழை, எத்தனை மதிப்பெண்ணில் போயிற்று என்று நான் இரவு முழுவதும் குடைந்துகொண்டிருந்தபோது, மதுரையிலிருந்து பேசிய என் தாயார் சொன்னதுதான் எனக்கு விளங்கியது. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த இசைநாடகங்களை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர் அவர். "ஒரு கம்பெனியில எத்தனை ராஜபார்ட்டப்பா வச்சுக்க முடியும்? ஸ்திரீபார்ட் வேணும், பபூன் வேணும். அவனுக்கு எது குறையுதோ அதைத்தானே தேடுவான்" என்றார்.

நடப்பது ஏறத்தாழ அதுவேதான். ஆண்டுக்குச் சுமார் இருபது பேரை மட்டும் சேர்க்கும் ஒரு துறை, அந்த இருபது பேரைக் கொண்டு நான்கு ஆண்டுகள் நாடகம் போட்டாக வேண்டும். உச்சக்குரல் பாடும் பெண்கள் ஏற்கெனவே நால்வர் கிடைத்துவிட்டால் ஐந்தாவது பெண் எவ்வளவு சிறப்பாகப் பாடினாலும் அந்த ஆண்டு அவளுக்கு இடம் இருக்காது. இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தால், ஒவ்வொரு மறுப்பையும் விடைத்தாள் திருத்தியதைப் போல எடுத்துக்கொண்டு அவளிடம் காரணம் கேட்டிருக்க மாட்டேன்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிச்சிகன், கார்னகி மெலன் போன்ற இத்துறையின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் பெயர்களையே ஆண்டு முழுவதும் உச்சரித்துக்கொண்டிருந்த எனக்கு, கையில் இருந்த இரண்டு பெயர்களையும் ஊரில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்ற குறை இருந்தது. மகள் இரண்டு இடங்களுக்கும் சென்று, நாடகத்தைப் பார்ப்பதைவிட வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதற்கே அனுமதி கேட்டாள். வாரத்துக்கு எத்தனை தனிக் குரல் பாடம், முதலாண்டு மாணவர்கள் மேடையேறலாமா, இரண்டாம் ஆண்டு முடிவில் யாரையாவது வெளியேற்றுவதுண்டா, இறுதியாண்டில் நியூயார்க்கில், நடிகர்களுக்கு வாய்ப்புத் தேடித்தரும் முகவர்கள் முன்னிலையில் ஷோகேஸ் என்னும் திறன்காட்டும் நிகழ்ச்சி நடத்துகிறார்களா என்று அவள் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட எனக்குத் தோன்றியிருக்காது. என் பங்குக்கு நான் ஒரு வேலை செய்தேன். வேறொரு கல்லூரி அறிவித்த உதவித்தொகைக் கடிதத்தை இணைத்து, கூடுதல் உதவி கேட்டு மரியாதையாக ஒரு மேல்முறையீடு எழுதினேன். ஆண்டுக்கு 6,000 டாலர் கூட்டிக் கொடுத்தார்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

மே 1 வரை கெடு இருந்தது. ஏப்ரல் 27 அன்று முன்பணம் கட்டினோம். மே மாத நடுவில் காத்திருப்புப் பட்டியலில் இருந்த அந்தப் பெரிய பெயரிலிருந்து அழைப்பு வந்தது. அவள் நன்றி சொல்லி மறுத்துவிட்டு, பள்ளி நாடக ஒத்திகைக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

டெக்சஸ், ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு தாய்

எடிசனிலிருந்து எழுதிய சகோதரரின் பதிவில் பணத்தைப் பற்றி ஒரு பத்திதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் அதைப் பற்றியே இருந்தது. பல தனியார் கல்லூரிகளில் தங்கும் செலவும் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிடுகிறது. நடிகராக வாழ்வைத் தொடங்கப்போகும் ஒருவர் தோளில் நான்கு ஆண்டுக் கடனை ஏற்றிவிட்டு, பட்டம் வாங்கியதும் நியூயார்க்கில் ஆடிஷனுக்கு அலையச் சொன்னால், அவர் அலையப் போவது கடன் தவணைக்கான வேலை தேடித்தான். உதவித்தொகை கிடைக்கும் என்று நம்பி விண்ணப்பிப்பவர்கள் அரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்ஸா படிவத்தையும், பல தனியார் கல்லூரிகள் தங்கள் உதவித்தொகைக்காகக் கேட்கும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்னும் குடும்ப நிதிவிவரப் படிவத்தையும் அக்டோபரிலேயே முடித்துவிடுவது நல்லது. ஆடிஷன் பரபரப்பில் நாங்கள் ஒன்றைத் தவறவிட்டு, அதற்கான பலனையும் அனுபவித்தோம்.

பி.எஃப்.ஏ. எனப்படும் நுண்கலை இளங்கலைப் பட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாடங்கள் கலை சார்ந்தவையாகவே இருக்கும். வேறொரு துறையையும் சேர்த்துப் படிப்பது பெரும்பாலும் இயலாது. பி.ஏ. பட்டத்தில் மேடைப் பயிற்சி குறைவு, ஆனால் இரண்டு துறைகள் படிக்கலாம். எங்கள் மகனுக்கு பி.எஃப்.ஏ. இடம் ஒன்று கிடைத்திருந்தும், மாநிலப் பல்கலைக்கழகத்தில் தியேட்டர் பி.ஏ. பட்டத்தையும் பொருளியலையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். நாங்கள் வற்புறுத்தியதால் இது நடந்தது என்றுதான் உறவினர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் என் கணவர்தான் பி.எஃப்.ஏ. பக்கம் நின்றார். 2004இல் ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' இசைநாடகம் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் மேடையேறியதையும், 2021இல் இந்திய வம்சாவளி நடிகை ஷோபா நாராயண் அங்கேயே 'அலாதீன்' நாடகத்தில் கதாநாயகி ஜாஸ்மினாக நடித்ததையும் சொல்லி, நம் பிள்ளைகளுக்கும் காலம் வந்துவிட்டது என்று வாதாடினார். இரண்டுக்கும் நடுவில் பதினேழு ஆண்டுகள் இருக்கின்றன என்பது மகன் சொன்ன பதில்.

எடிசன் சகோதரரின் மகள் கல்லூரிகளில் கேட்ட கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். கடந்த மூன்று ஆண்டுகளில் போட்ட நாடகங்களில் மாநிற மாணவர்களுக்கு எந்தெந்தப் பாத்திரங்கள் கொடுக்கப்பட்டன என்று கேளுங்கள். ஒரு கல்லூரியில் இதைக் கேட்டபோது, பல பண்பாடுகளையும் அவர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று பத்து நிமிடம் விளக்கினார்கள்; ஒரு பாத்திரத்தின் பெயரும் வரவில்லை. அந்தக் கல்லூரியை மகன் அங்கேயே கழித்துவிட்டான்.

இல்லினாய்ஸ், நேப்பர்வில்லிலிருந்து ஒரு தந்தை

ஒரே ஒரு தகவல். யூனிஃபைட்ஸில் சில கல்லூரிகள் முன்பதிவு இல்லாமல் வருபவர்களையும் நேரம் இருந்தால் பார்க்கின்றன. அறைவாசலில் உள்ள தாளில் பெயரெழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். என் மகள் இரண்டு ஆடிஷன்களுக்கு இடையே மூன்று மணிநேரம் சும்மா இருப்பதைவிட மேல் என்று அப்படி ஓரிடத்தில் பாடினாள். இப்போது அங்கேதான் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எனவே இசைக்குறிப்புக் கோப்பில் கூடுதலாக இரண்டு பாடல்களும், பையில் நடனக் காலணியும், படத்துடன் கூடிய சுயவிவரத்தில் பத்துப் பிரதிகளும் எப்போதும் இருக்கட்டும்.

கலிஃபோர்னியா, ஃப்ரீமாண்டிலிருந்து ஒரு தாய்

இடம் கிடைத்தவர்களின் பதிவுகளாகவே வருவதால் இதை எழுதுகிறேன். என் மகளுக்கு 11 ஆடிஷன்களில் ஓரிடமும் கிடைக்கவில்லை. ஆடிஷன் இல்லாத கல்லூரி ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளும்படி பள்ளி ஆலோசகர் சொன்னபோது, நார்த்வெஸ்டர்னில் தியேட்டர் துறைக்கு ஆடிஷன் கிடையாது என்று அதை மட்டும் சேர்த்தோம். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தாலும் எளிதில் நுழைய முடியாத இடத்தைப் பாதுகாப்பான இடமாக வைத்துக்கொண்டது எங்கள் அறிவீனம்.

அவள் ஓராண்டு இடைவெளி எடுத்திருக்கிறாள். காலையில் ஒரு காபிக் கடையில் வேலை, மாலையில் குரல் பாடமும் பாலே வகுப்பும். சென்ற ஆண்டு விண்ணப்பித்த நான்கு இடங்களிலும் புதிதாக ஆறு இடங்களிலும் இம்முறை முயல்கிறாள். ஆடிஷன் இல்லாத மாநிலப் பல்கலைக்கழகங்கள் இரண்டும் பட்டியலில் இருக்கின்றன. முன்தேர்வில் இதுவரை ஐந்து இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ராஜபார்ட், பபூன் என்று மதுரைப் பாட்டி சொன்னதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். நான் எந்த பார்ட் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரியில் சிகாகோவுக்கு இரண்டு பயணச்சீட்டுகள் எடுத்தாயிற்று. சென்ற ஆண்டு நானும் கதவோரமாகத்தான் நின்றேன். இம்முறை எந்த நாற்காலியிலிருந்து லிஃப்ட் வாசல் தெரியாது என்று எடிசன் சகோதரர் சொன்னால் உதவியாக இருக்கும்.