கோத்தகிரி வாடகை வீட்டுக்கு ரூம் ஹீட்டர்: எதை வாங்குவது?

மலைவீடு:
வணக்கம். கோத்தகிரியில் வாடகை வீடு. தகரக் கூரை, அடியில் பலகை அடித்திருக்கிறார்கள். அம்மா படுக்கும் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. மார்கழி பிறந்தால் இரவில் அவருக்குக் கால் மரத்துவிடுகிறது. கடையில் 2500 வாட் ஆயில் ஹீட்டரைக் காட்டி, கரண்ட் குறைவாக இழுக்கும் என்கிறார்கள். பக்கத்து வீட்டில் இருப்பது விசிறி வைத்த 2000 வாட் ஹீட்டர், விலையும் மலிவு. அறையில் சிறிய பிளக் ஒன்றுதான் உண்டு. எதை வாங்கலாம்?

குன்னூர்வாசி:
கடைக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம். 2000 வாட்டில் ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட். எண்ணெயானாலும் விசிறியானாலும் கணக்கு அதேதான், வெளிவரும் வெப்பமும் அதேதான். விசிறி ஹீட்டர் உடனே அனல் வீசும். நிறுத்திய கையோடு குளிர் வந்துவிடும், இரைச்சல் வேறு. எண்ணெய் ஹீட்டர் சூடேற நேரம் பிடிக்கும். ஆனால் சத்தமில்லை, அணைத்த பிறகும் கதகதப்பு நிற்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, மாற்றவும் தேவையில்லை. படுக்கையறைக்கு அதுதான் சரி.

பழைய ஒயர்மேன்:
ஹீட்டர் இருக்கட்டும், முதலில் பிளக்கைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் ஏறத்தாழ 9 ஆம்ப்ஸ் இழுக்கும். 2500 வாட் என்றால் 11. உங்களுடையது 6 ஆம்ப்ஸ் வரைதான் தாங்கும் சிறிய பிளக். முதலில் பிளக்கின் உலோகப் பின்கள் பழுப்பேறும், பிறகு பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். அதற்குள் சுவருக்குள் ஒயரின் உறை இளகியிருக்கும்.

மலைவீடு:
சுவரை உடைக்க வீட்டுக்காரர் விடமாட்டார், ஐயா. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதாதா? ஹீட்டர் இல்லையென்றால் அம்மா கரிச்சட்டியை உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்.

கட்டபெட்டு அக்கா:
தம்பி, அந்தக் கரிச்சட்டியை இன்றைக்கே வெளியே வையுங்கள். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, வாடையில்லை, தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். மலையில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அம்மாவிடம் கோபப்படாமல் சொல்லுங்கள், அவர் காலத்து வழக்கம் அது.

பழைய ஒயர்மேன்:
எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. பாக்ஸில் ஏதோ எழுதியிருந்தாலும் கரண்ட் வருவது அதே 6 ஆம்ப்ஸ் பிளக்கிலிருந்துதானே? சுவரை உடைக்காமலே வழி இருக்கிறது. மெயின் போர்டிலிருந்து, சுவர் மேல் ஒட்டும் கேசிங் பட்டிக்குள் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரைத் தனியாக இழுத்து, 16 ஆம்ப்ஸ் பிளக்கும், கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்சும் போடச் சொல்லுங்கள். எர்த் கட்டாயம். அதுவரை 1000 வாட்டுக்கு மேல் போகாதீர்கள். அதுவும் பிளக் இறுக்கமாக இருந்தால் மட்டும். தொட்டுப் பார்த்துச் சுட்டால் நிறுத்திவிடுங்கள்.

மலைவீடு:
வீட்டுக்காரர் பட்டி ஒட்டச் சம்மதித்துவிட்டார், செலவு என்னுடையது. மாலையில் எங்கள் தெருவில் வோல்டேஜ் 180-க்கு இறங்கும். பாதிப்பு உண்டா? பில் எவ்வளவு கூடும்?

பழைய ஒயர்மேன்:
ஹீட்டர் கெடாது, சூடுதான் குறையும். 2000 வாட் ஹீட்டர் 180 வோல்ட்டில் 1200 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும்.

குன்னூர்வாசி:
1000 வாட்டில் எட்டு மணி நேரம் விடாமல் ஓடினால் இரவுக்கு 8 யூனிட், இரண்டு மாதத்தில் 480. சூடு போதுமானதும் ஹீட்டரைத் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் இடையிடையே நிறுத்துவதால் அவ்வளவு வராது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும், அதைக் கவனியுங்கள். கூரைப் பலகை இடுக்கையும் கதவடி இடைவெளியையும் அடைத்துவிடுங்கள். முழுக்க அல்ல, மூச்சுக்குக் காற்று வேண்டும். ஹீட்டர் மேல் ஈரத்துணி காயப்போட அம்மாவை விடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.